புலி வந்து வந்து போகிறது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் பட்டுத் தறி. இவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. கடிதத்தில் உள்ள பிரச்னை தறியும் இல்லை, டேலி ஆகாத கணக்கும் இல்லை. மோட்டார் படகு.

‘காஞ்சிபுரத்துக்கும் மோட்டார் படகுக்கும் என்னய்யா சம்பந்தம், பாலாற்றில் பாதி வருஷம் கால் நனைக்கவே தண்ணீர் கிடையாதே’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பூகோளப் பாடம். 2019 நவம்பர் வரை கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, தனிக்குடித்தனம் போகும் மருமகள் மாதிரி, கடற்கரை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காஞ்சிக்கு மிஞ்சியது ஏரிகளும் கோயில் குளங்களும். குளத்தில் தெப்பம் விடலாம். தெப்பத்துக்கு எஞ்சின் கிடையாது. அலாரமும் கிடையாது. நிம்மதி.

வாசகருக்கு அந்த நிம்மதி இல்லை. அவரும் மூன்று நண்பர்களுமாகப் பங்கு போட்டு, கோவளத்தில் ஒரு நண்பரின் சித்தப்பா வைத்திருக்கும் ஃபைபர் படகுக்குப் பழைய நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எளிமையானது. வாரம் ஆறு நாள் சித்தப்பாவுக்கு மீன். ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்குக் கடல்.

‘சார், எஞ்சின் நல்லாத்தான் ஓடுது. ஆனா திடீர்னு பீப் பீப்னு கத்தும். பத்து செகண்டு. அப்புறம் தானா நின்னுடும். போகும்போது கத்தாது, திரும்பி வரும்போதுதான். மூணு தடவை மெக்கானிக்கிட்ட காட்டியாச்சு. கரையில வெச்சு ஓட்டினா சமத்தா ஓடுது. மூணாவது தடவை அவரு, ‘எஞ்சின்ல ஒண்ணுமில்ல தம்பி, பஸ்ஸர்தான் கோளாறு’ன்னு ஒயரைக் கழட்டி டேப் சுத்திட்டாரு. இப்ப சத்தமே இல்ல. சித்தப்பா சந்தோஷமா இருக்காரு. எனக்குத்தான் தூக்கம் வரல. கழட்டினது சரியா?’

சரியில்லை. உங்களுக்குத் தூக்கம் வராததுதான் சரி.

* * *

‘புலி வருது, புலி வருது’ கதை எல்லோருக்கும் தெரியும். பையன் இரண்டு தடவை பொய்யாகக் கத்தினான். மூன்றாவது தடவை நிஜப் புலி வந்தபோது ஊரில் யாரும் வரவில்லை. பொய் சொல்லாதே பாப்பா என்று வாத்தியார் முடித்துவிடுவார்.

எனக்கு அந்தக் கதையில் ஒரு சந்தேகம் உண்டு. முதல் இரண்டு தடவையும் புலி நிஜமாகவே புதர் வரைக்கும் வந்து, ஊர்க்காரர்கள் தடியும் தீவட்டியுமாக ஓடி வருகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் போயிருந்தால்? ஊர் வந்து பார்க்கும்போது புலி இல்லை. புலி இல்லை என்பதால் பையன் பொய்யன். யாராவது குனிந்து மண்ணில் கால் தடம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? கதையில் அது இல்லை.

விட்டு விட்டு வரும் அலாரம் என்பது அந்தப் பையன்தான். மெக்கானிக் வந்து பார்க்கும்போது புலி இருக்காது. அதற்காகப் பையன் வாயில் துணி அடைத்துவிட்டால் ஊர் அமைதியாக இருக்கும். ஆடுகளைப் பற்றி மட்டும் உத்தரவாதம் கிடையாது.

* * *

அலாரம் எதற்குக் கத்துகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

காரில் ரேடியேட்டர் இருக்கிறது. அவுட்போர்டு எஞ்சினுக்குக் கடலே ரேடியேட்டர். புரொப்பெல்லருக்குக் கொஞ்சம் மேலே உள்ள சல்லடை வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி கடலிலேயே விட்டுவிடும். உறிஞ்சுகிற வேலையைச் செய்வது இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம். கையகலம்கூட இருக்காது. நாட்டுப் பூ மாதிரி இதழ்கள். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே போதும், ரப்பர் கருகி இதழ் உதிர ஆரம்பித்துவிடும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக எஞ்சின் பின்புறத் துளையிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு தாரை பீச்சிக்கொண்டே இருக்கும். படகோட்டிகள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அதைத்தான். கரையில் நிற்கும் பெண்களை என்று நினைத்திருந்தீர்களானால், அது ஓரளவுதான் உண்மை.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அலாரத்துக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. எஞ்சின் சூடாகிவிட்டது, அல்லது ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது. சில எஞ்சின்களில் மூன்றாவதாக, பெட்ரோல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டாலும் கத்தும். எதற்குத் தொடர்ந்து கத்தும், எதற்கு விட்டு விட்டுக் கத்தும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அது எஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பழைய எஞ்சின் வாங்கும்போது எல்லோரும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். ‘புத்தகம் எங்கே?’ என்று கேட்பவர் அபூர்வம். கேளுங்கள். சித்தப்பாவிடம் கேட்டால் அதில் மீன் மடித்துக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போது ஒயர் விஷயம். இதுதான் முக்கியம், ஆபீஸ் லெட்ஜரைப் பார்க்கிற மாதிரி கவனமாகப் பாருங்கள். சூட்டைக் கவனிக்கும் சின்ன சுவிட்ச் பெரும்பாலும் சாதாரணமாகத் திறந்தே இருக்கும். சூடு எல்லை தாண்டினால் மூடிக்கொண்டு, ஒயரை எஞ்சின் இரும்போடு, அதாவது எர்த்தோடு சேர்த்துவிடும். மின்சாரம் பாய்ந்து பஸ்ஸர் கத்தும். ஆயில் பிரஷர் சுவிட்சும் இதே மாதிரிதான்: பிரஷர் இருக்கும்வரை திறந்திருக்கும், குறைந்தால் மூடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வெளிவருகின்றன. ஒன்று, ஒயரின் மேல் தோல் உரிந்து இரும்பில் உரசினால், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதே அலாரம் கத்தும். உங்கள் மெக்கானிக் சந்தேகப்பட்டது ஒருவேளை இதைத்தான். நியாயமான சந்தேகம்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் பயங்கரம். ஒயர் அறுந்து போனால் அலாரம் கத்தவே கத்தாது. எஞ்சின் நெருப்பாகக் கொதித்தாலும் கத்தாது. எல்லாம் சரியாக இருக்கும் எஞ்சினும், அலாரம் செத்துப்போன எஞ்சினும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். இதற்காகத்தான் பல எஞ்சின்களில் சாவியைத் திருப்பியவுடன் ஒரு ‘பீப்’ வரும்படி வைத்திருக்கிறார்கள். ‘ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று காவல்காரன் குரல் கொடுக்கிற மாதிரி. உங்கள் படகில் காவல்காரனுக்கு இப்போது வாயில் இன்சுலேஷன் டேப்.

* * *

சரி, ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டீர்கள் (இன்றைக்கே). அடுத்த ஞாயிறு நடுக்கடலில் மறுபடி பீப் பீப். என்ன செய்வது?

முதலில் நம்புங்கள். பொய் அலாரமா, மெய் அலாரமா என்கிற பட்டிமன்றத்தைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்து எஞ்சினை மெல்ல ஓடவிடுங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். (முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.) ஆழம் குறைவான இடமென்றால் நங்கூரம் போடுங்கள். எஞ்சின் நின்ற படகு சும்மா இருக்காது. காற்றும் நீரோட்டமும் அதை ஓட்டிக்கொண்டு போகும். ராமேஸ்வரம் பக்கத்தில் எஞ்சின் நின்று போய், 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கோட்டை அறியாமலே தாண்டிவிட்ட மீனவர்களின் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கோவளத்தில் எல்லைக்கோடு பக்கத்தில் இல்லைதான். கடல் இருக்கிறது.

அடுத்து, தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்தி, தூக்கிப் பாருங்கள். சல்லடையில் பெரும்பாலும் நம் நாகரிகம் ஒட்டிக்கொண்டிருக்கும்: ஜவுளிக்கடைப் பை, பிரியாணிப் பொட்டலம், அறுந்த வலை. எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியபின் கிளப்பலாம். சில சமயம் பீச்சும் துளையிலேயே உப்பு அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு கம்பியால் குத்தினால் போதும். கொதிக்கிற எஞ்சின் மேல் ஒரு பக்கெட் கடல் தண்ணீரை வாரி ஊற்றுகிற வீர விளையாட்டு வேண்டாம். சூடான உலோகம் விரிசல் விடும்.

தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் அலாரம் என்றால் எஞ்சினை நிறுத்தி, நேராக நிறுத்தி வைத்து, சில நிமிஷம் பொறுத்து, குச்சியை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஆயில் பால் ஊற்றிய டிகாக்ஷன் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கிளப்பாதீர்கள். பக்கத்துப் படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. உதவிக்குக் கடலோரக் காவல் படையின் எண் 1554. ஆறுமணி சீரியல் போல மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

* * *

கரைக்கு வந்தாயிற்று. அலாரம் நின்றுவிட்டது. இப்போதுதான் துப்பறியும் வேலை.

விட்டு விட்டு வருவது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. அத்தி வரதர் 1979-ல் குளத்திலிருந்து எழுந்தருளினார். பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். அடுத்து 2059. நாற்பது வருஷம் என்றாலும் கணக்கு சுத்தம், இப்போதே லீவு போட்டு வைக்கலாம். எஞ்சின் கோளாறு அவ்வளவு ஒழுங்காக நாள் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாம் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ‘ஏன் கத்துகிறது?’ என்று கேட்காதீர்கள். ‘எப்போது கத்துகிறது?’ என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முழு வேகத்தில் போகும்போது மட்டும் கத்தினால் தண்ணீர் போகும் வழியில் அடைப்பைச் சந்தேகப்படலாம். வேகத்துக்கு வேண்டிய அளவு தண்ணீர் கிடைக்கவில்லை. மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகமாகப் போனால் சரியாகிறது என்றால் இம்பெல்லர் களைத்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இதழ் உடைந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டால் மட்டும் போதாது. உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று தேடிப் பொறுக்குங்கள். அவை உள்ளே ஏதாவது ஒரு சந்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த மாதம் உங்களை வரவேற்கும்.

நீண்ட தூரம் ஓடி, சூடான எஞ்சினை மெல்ல ஓடவிடும்போது கத்தினால் ஆயில் பிரஷர் பக்கம் பாருங்கள். பழைய ஆயில் சூட்டில் மேலும் நீர்த்துப்போயிருக்கும். படகு அலையில் குதிக்கும்போதோ, சட்டென்று திரும்பும்போதோ கத்தினால் இரண்டு சந்தேகங்கள்: ஆயில் அளவு குறைந்து, ஒரு பக்கம் சாய்ந்ததும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது; அல்லது எங்கோ ஒரு கனெக்டர் ஆட்டம் காண்கிறது. எதோடும் சம்பந்தமில்லாமல் இஷ்டத்துக்குக் கத்தினால் பாட்டரி முனைகளையும் எர்த் ஒயரையும் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் ஒயர் ரப்பருக்குள்ளே பொடியாக உதிர்ந்திருக்கும்.

உங்கள் எஞ்சின் போகும்போது கத்துவதில்லை, திரும்பும்போது கத்துகிறது என்கிறீர்கள். திரும்பும்போது எஞ்சின் சூடாக இருக்கிறது. அலையின் திசை வேறு. படகில் மீன் பாரம் இருக்கலாம். பெட்ரோல் டாங்க் பாதி காலி. எல்லோருக்கும் பசி, யாரோ ஆக்ஸிலேட்டரைக் கூடுதலாக முறுக்குகிறார்கள். இதில் எது என்று கடிதத்தைப் பார்த்தே சொல்ல நான் நாடி ஜோசியன் இல்லை. (அதற்கு வைத்தீஸ்வரன்கோயில் போங்கள்.) ஆனால் வரிசையாக எட்டு தடவை நேரம், வேகம், அலை, எத்தனை நேரம் ஓடியபின், தண்ணீர் எப்படிப் பீச்சியது என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினால், அக்கவுண்ட்ஸ்காரர் உங்களுக்கு அந்தக் கணக்கு டேலியாகாமலா போகும்?

பிறகு சோதனை. இதற்கு இரண்டு விதிகள். முதலாவது, சென்சாரை மாற்றுவதற்கு முன் அது பொய் சொல்கிறதா என்று வேறொரு சாட்சியை விசாரியுங்கள். சூடு என்றால் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரியான கருவி கிடைக்கிறது. ஆயில் பிரஷர் என்றால் முள் வைத்த சாதா மீட்டரைத் தற்காலிகமாகப் பொருத்தலாம். மீட்டர் சரியாகக் காட்டும்போதே அலாரம் கத்தினால் ஒயரிங். மீட்டரும் சேர்ந்து விழுந்தால், புலி. எஞ்சின் ஓடும்போதே ஒயர்க் கொத்தைச் சாண் சாணாகக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே வாருங்கள், சுற்றுகிற பாகங்களுக்கு விரலைக் காணிக்கை கொடுக்காமல். எந்த இடத்தில் அசைத்தால் கத்துகிறதோ அங்கே ஆள் அகப்படுவான்.

இரண்டாவது விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சென்சார், இம்பெல்லர், ஆயில், பஸ்ஸர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, அலாரம் நின்றதும் தேங்காய் உடைப்பது நம் வழக்கம். எது குணப்படுத்தியது என்று தெரியாது. இரண்டு வாரம் கழித்துப் புலி திரும்பி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பர்ஸ் மட்டும் பழைய இடத்தில் இருக்காது. கம்ப்யூட்டர் வைத்த புது எஞ்சின்களில் கோளாறு வந்து போன விவரத்தை அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். கருவியை மாட்டிப் படித்துவிடலாம். பழைய எஞ்சினுக்கு நீங்கள்தான் கம்ப்யூட்டர்.

* * *

‘மெக்கானிக் பார்க்கும்போது மட்டும் ஏன் சமத்தாக இருக்கிறது?’ என்கிற கேள்வி எல்லோருக்கும் உண்டு. பல்வலி டாக்டர் வாசலில் போய்விடுவதும், ஆபீஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம் ஆள் வந்து நின்றதும் ஒழுங்காக ஓடுவதும் இந்த ரகம். இதில் மாய மந்திரம் இல்லை. பற்றவைத்த இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால், சூட்டில் உலோகம் விரியும்போது விரிசல் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அங்கே அலை இல்லை, பாரம் இல்லை, உப்புச் சாரல் இல்லை. நோயாளியை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மாதிரி.

வைத்தியர்களுக்கும் இந்தப் பிரச்னை இருந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள், ஈ.ஸி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் என்பவர், இதயம் நம்மிடம் வந்து கத்தாது, நாம்தான் அதன் கூடவே போக வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் செய்த முதல் கருவியின் எடை 38 கிலோ. முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டும். இருதய நோயாளி 38 கிலோ சுமந்தால் படபடப்பு வராமல் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். அது பிறகு சுருங்கிச் சுருங்கி, இன்று சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் ஹோல்டர்தான். உங்கள் படகில் நீங்கள் போடும் ஐந்து கட்டக் கணக்கும் ஒரு ஹோல்டர்தான். விலை ஒரு நோட்டும் பென்சிலும்.

* * *

இனி கொஞ்சம் சிரிக்க முடியாத சமாசாரம்.

2014 டிசம்பர் 28. இந்தோனேஷியாவின் சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர் ஏஷியா 8501 விமானம் ஜாவா கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 162 பேரும் இறந்து போனார்கள். புயல் மேகம் என்றுதான் முதலில் எல்லோரும் பேசினார்கள். ஓராண்டு கழித்து, 2015 டிசம்பரில் விசாரணை அறிக்கை வந்தது. ஆரம்பம் ஒரு அலாரம். வாலில் உள்ள சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிக்குள், பற்றவைத்த ஓர் இணைப்பில் விரிசல். அதனால் எச்சரிக்கை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அந்த விமானத்தில் அந்த ஒரு வருஷத்தில் 23 தடவை. கடைசி மூன்று மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்தார்கள், எச்சரிக்கை நின்றது, விமானம் பறந்தது. விரிசல் அங்கேயே இருந்தது.

கடைசிப் பயணத்தில் நாலு தடவை கத்தியது. மூன்று தடவை புத்தகத்தில் சொன்னபடி செய்தார்கள். நாலாவது தடவைக்கான தடயம், சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மாட்டினால் வருவது போல இருந்ததாக அறிக்கை சொல்கிறது. தரையில் விமானம் நிற்கும்போது அப்படிச் செய்வது உண்டு. ஆகாயத்தில் அப்படி நேர்ந்ததும் தானியங்கி விமானி விலகிக்கொண்டது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. திகைத்துப்போன விமானிகளால் அதை மீட்க முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கை தன்னளவில் ஆபத்தானது இல்லை. சுக்கான் பெட்டி பழுதானாலும் விமானம் ஒழுங்காகப் பறந்து சிங்கப்பூரில் இறங்கியிருக்கும். சின்ன, சாது அலாரம். ஆனால் 23 தடவை வந்தும் அடி வேரைத் தேடாமல் சத்தத்தை மட்டும் நிறுத்தினால், அலாரம் என்பது நிறுத்த வேண்டிய சத்தம் என்று கை பழகிவிடுகிறது. பழகிய கை ஒரு நாள் நிறுத்தக்கூடாததை நிறுத்துகிறது.

* * *

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்று ஒரு பழமொழி. சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பதைத்தான் காலாட்டுவது என்றார்கள். நாள் முழுக்க ஆட்டிப் பாருங்கள், தெரியும்.

அந்தத் தறியில் அலாரம் கிடையாது. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் நெய்கிறவர் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். சொன்னவுடன் நிறுத்தி, இழையைத் தேடி, முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த மிதி. ‘ஒரு இழைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் அது பக்கத்து இழைகளில் சிக்கிக்கொண்டு அவற்றையும் இழுக்கும். பிழை சேலையோடு கல்யாண மண்டபம் வரைக்கும் போகும்.

ஜப்பானில் சக்கிச்சி டொயோடா என்கிற தச்சர் மகன், அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர், இந்த நெசவாளிக் கண்ணை இயந்திரத்துக்கே கொடுத்தார். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்தத் தறிக்கான உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்க 1929-ல் ஒப்பந்தம் ஆனது. அவர் மகன் கார் செய்யப் போனார். பெயரில் ஒரு எழுத்தை மாற்றி டொயோட்டா ஆக்கினார்கள். அந்த கார் தொழிற்சாலையிலும் கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தீராவிட்டால் வரிசையே நிற்கும் என்பது பிரசித்தி. கயிற்றை இழுத்தவனை அங்கே யாரும் ‘ஏண்டா கத்துகிறாய்’ என்று கேட்பதில்லை. நம் ஆபீஸ்களில் கேட்கிறோம்.

உங்கள் ஆபீஸ் யு.பி.எஸ். வாரத்துக்கு ஒரு தடவை கீச்சென்று கத்துகிறதா? பைக்கில் ஆயில் விளக்கு வளைவில் திரும்பும்போது மட்டும் கண்ணடிக்கிறதா? பாட்டரியில் ஓடும் புகை அலாரம் விடியற்காலை மூன்று மணிக்கு மட்டும் ‘டிக்’ என்கிறதா? (அந்த நேரத்தில்தான் குளிர் அதிகம், சோர்ந்த பாட்டரியின் வோல்டேஜ் அப்போதுதான் எல்லைக்குக் கீழே இறங்கும். பேய் இல்லை.) எல்லாம் ஒரே ஜாதி. எப்போதும் புகார் சொல்லாத பியூன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, ‘சார், அந்த ஸ்விட்ச்போர்டுல லேசா கருகின வாசனை’ என்றால், அதுவும் இதே ஜாதிதான். போய்ப் பாருங்கள். வாசனை இல்லையென்றால் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பாளையம் வாசகருக்கு: ஒயரை மாட்டுங்கள். சாவியைத் திருப்பி ‘பீப்’ வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு தடவை கடலில் போய் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை அலசுங்கள். இம்பெல்லர் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டையும் பென்சிலையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் படகில் வையுங்கள். பேனா வேண்டாம், நனைந்தால் கரையும்.

சித்தப்பா ‘மறுபடி கத்த ஆரம்பிச்சிட்டுதேடா’ என்று சலித்துக்கொள்வார். அப்பாவைப் பேசச் சொல்லுங்கள். ஒற்றை இழைக்காகத் தறியை நிறுத்துகிறவர், விளக்கிச் சொல்லிவிடுவார்.